கண்டுபிடிக்கவும் கற்றுக்கொடுக்கலாம்: பொறியாளர்களுக்கான ‘ட்ரிஸ்’ பயிற்சி என்றால் என்ன?

பினாங்கு பாயான் லெப்பாஸ், கெடா கூலிம் போன்ற தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் நம் பொறியாளர்களில் பலர் ‘ட்ரிஸ்’ என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பார்கள். நிறுவனம் அனுப்பிய பயிற்சிக்குச் சென்று சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. ஆனால், அது என்ன படிப்பு என்று வீட்டில் கேட்டால், “புதுசா யோசிக்கச் சொல்லித் தர்றாங்க” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

உண்மையில் அது வெறும் ‘யோசிக்கும்’ பயிற்சி அல்ல. ஒரு தொழில்நுட்பச் சிக்கலை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அந்த முடிச்சை உலகில் வேறு யாராவது ஏற்கெனவே அவிழ்த்திருக்கிறார்களா என்று எப்படித் தேடுவது என்பதைப் படிப்படியாகக் கற்றுத் தரும் முறை அது. கண்டுபிடிப்பு என்பது பிறவி மேதைகளுக்கு மட்டுமே வாய்ப்பது என்ற எண்ணத்தை நேராக மறுக்கும் முறையும் அதுதான். நம் பிள்ளைகளில் பலர் பாலிடெக்னிக்கிலும் தொழிற்கல்லூரியிலும் படித்துத் தொழிற்சாலைக்குச் செல்பவர்கள். ஆகவே இது நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

பெயரும் பொருளும்

ட்ரிஸ் என்பது ரஷ்ய மொழிச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம். ‘கண்டுபிடிப்புச் சிக்கல்களைத் தீர்ப்பதற்கான கோட்பாடு’ என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

சிக்கல்கள் இரண்டு வகை. தீர்க்கும் வழி ஏற்கெனவே தெரிந்தவை ஒரு வகை. இயந்திரத்தில் பேரிங் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும். அதற்குக் கையேடு இருக்கிறது, உதிரிப் பாகம் இருக்கிறது. இன்னொரு வகையில், ஒன்றைச் சரி செய்யப் போனால் இன்னொன்று கெடும். இயந்திரத்தை வேகமாக ஓட்டினால் பொருளின் தரம் குறையும். தரத்தைக் கூட்டினால் உற்பத்தி குறையும். இத்தகைய இழுபறியைத்தான் ட்ரிஸ் ‘முரண்’ என்கிறது. முரண் இருக்கும் சிக்கலே கண்டுபிடிப்புச் சிக்கல்.

சிறையிலிருந்து வந்த முறை

இம்முறையை உருவாக்கியவர் கென்ரிக் அல்ட்ஷுல்லர். 1926ஆம் ஆண்டு தாஷ்கண்டில் பிறந்து, அஜர்பைஜானின் பாக்கு நகரில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், சோவியத் கடற்படையின் காஸ்பியன் பிரிவில் கண்டுபிடிப்பு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தார். கண்டுபிடிப்பாளர்களுக்கு உதவுவது அவர் பணி. ‘எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்று அவர்கள் கேட்டபோது, கொடுப்பதற்கு ஒரு நூலும் இல்லை. அன்றைய உளவியல் நூல்கள், திடீரென்று பொறி தட்டும் என்ற அளவில் நின்றன.

ஆகவே அவர் கண்டுபிடிப்பாளர்களின் மனத்தை விட்டுவிட்டு, அவர்கள் பதிவு செய்த காப்புரிமை ஆவணங்களைப் படிக்கத் தொடங்கினார். 1946ஆம் ஆண்டு தொடங்கிய அந்த வேலை பல ஆண்டுகள் நீண்டது. ஆயிரக்கணக்கான காப்புரிமைகளைப் பார்த்த பின் அவருக்கு ஓர் உண்மை தெளிவானது. துறைகள் வேறு, காலம் வேறு, பொருள் வேறு. ஆனால் சிக்கலின் அமைப்பும் தீர்வின் அமைப்பும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தன.

ட்ரிஸ் வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படும் ஓர் உதாரணம் குடைமிளகாய். டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் குடைமிளகாயின் காம்பையும் விதையையும் கையால் எடுத்துக் கொண்டிருந்தார்கள். பின்னர், மிளகாய்களை மூடிய கலனில் வைத்து, காற்றழுத்தத்தை மெதுவாக ஏற்றி, சட்டென்று இறக்கினார்கள். உள்ளே புகுந்த காற்று வெளியேறும் வேகத்தில் காம்பும் விதையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. இதே உத்தி கொட்டைகளை உடைக்கவும், சூரியகாந்தி விதையின் தோலை நீக்கவும், விரிசல் உள்ள வைரக் கற்களை அந்த விரிசல் வழியே பிளக்கவும் தனித்தனியாகக் காப்புரிமை பெற்றது. மிளகாய்க்காரர் கண்டதை வைரக்காரர் அறியவில்லை. அவர் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது. இப்படி வீணாகும் காலத்தை மிச்சப்படுத்த முடியுமா என்பதுதான் அல்ட்ஷுல்லரின் கேள்வி.

1948ஆம் ஆண்டு அவரும் நண்பர் ரஃபேல் ஷபிரோவும் ஸ்டாலினுக்கே ஒரு கடிதம் எழுதினார்கள். நாட்டில் கண்டுபிடிப்புத் துறை சீர்கெட்டுக் கிடக்கிறது, பொறியாளர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஒரு வழி இருக்கிறது என்பது அதன் சாரம். பலனாகக் கிடைத்தது சிறை. 1950ஆம் ஆண்டு கைது செய்யப்பட்டு, 25 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டு, வடதுருவ வட்டத்தை ஒட்டிய வொர்குட்டா முகாமுக்கு அல்ட்ஷுல்லர் அனுப்பப்பட்டார்.

விசாரணைக் காலம் பற்றி ஒரு கதை ட்ரிஸ் உலகில் வழங்குகிறது. இரவெல்லாம் விசாரணை. பகலில் தூங்கக் கூடாது. கண் மூடினால் காவலர் எழுப்பிவிடுவார். கண்கள் மூடியிருக்க வேண்டும், திறந்தும் இருக்க வேண்டும். சிகரெட் பெட்டியின் காகிதத்தைக் கிழித்து, எரிந்த தீக்குச்சியால் கண்மணி வரைந்து, மூடிய இமைகளின் மேல் ஒட்டிக்கொண்டு அவர் தூங்கினாராம். கதை எப்படியிருந்தாலும், பின்னால் வரவிருக்கும் ஒரு பாடத்துக்கு அது நல்ல முன்னுரை.

ஸ்டாலின் மறைந்த பின் 1954ஆம் ஆண்டு அவர் விடுதலையானார். 1956ஆம் ஆண்டு ஷபிரோவுடன் சேர்ந்து இம்முறை பற்றிய முதல் கட்டுரையை ஓர் உளவியல் இதழில் வெளியிட்டார். பிழைப்புக்கு ‘ஆல்டோவ்’ என்ற புனைபெயரில் அறிவியல் கதைகள் எழுதினார். 1971ஆம் ஆண்டு பாக்குவில் கண்டுபிடிப்பைக் கற்பிக்கும் ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார். சிறுவர் செய்தித்தாள் ஒன்றில் பல ஆண்டுகள் கண்டுபிடிப்புப் புதிர்களையும் நடத்தினார். 1998ஆம் ஆண்டு மறைந்தார். சோவியத் யூனியன் உடைந்தபோது அவருடைய மாணவர்கள் பல நாடுகளுக்குச் சென்றார்கள். அவர்களோடு இம்முறையும் அமெரிக்காவுக்கும் கொரியாவுக்கும் பிற நாடுகளுக்கும் போனது. 1990களின் பிற்பகுதியில் சாம்சுங் நிறுவனம் ரஷ்ய வல்லுநர்களை வரவழைத்துத் தன் பொறியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது இதற்குப் பெரும் விளம்பரமாக அமைந்தது.

முதல் பாடம்: சமரசம் செய்யாதே

பொதுவாகப் பொறியாளர் ஒருவர் முரணைச் சந்தித்தால் நடுவில் ஓர் இடத்தைப் பிடிப்பார். கொஞ்சம் வேகம், கொஞ்சம் தரம். ட்ரிஸ் இதை ஏற்பதில்லை. இரண்டும் முழுமையாகக் கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்கச் சொல்கிறது.

இது ஏதோ தத்துவம் போல் தோன்றலாம். ஆனால் தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது உடம்பால் தெரிந்த விஷயம். செம்பனை மரம் குட்டையாக இருக்கும்வரை உளியால் குத்திக் குலையை இறக்கிவிடலாம். மரம் உயர உயர, நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி அறுக்க வேண்டும். கழி நீளமாக இருந்தால்தான் குலை எட்டும். நீளமானால் கனம் கூடும், வளையும், ஆடும். இங்கே நடுவில் ஓர் இடத்தைப் பிடித்தவர் யாராக இருந்தாலும், அதன் விலையைக் கொடுத்தது அறுவடைக்காரரின் கழுத்தும் தோளும் முதுகும்தான். வடிவமைப்பாளர் தீர்க்காமல் விட்ட முரண், தொழிலாளியின் உடம்பில் போய்த் தங்கிவிடுகிறது. ட்ரிஸ் பயிற்சி ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

ஒரு முரணை அட்டவணையில் தேடுவது எப்படி?

அல்ட்ஷுல்லர் தாம் ஆராய்ந்த காப்புரிமைகளிலிருந்து இரண்டு பட்டியல்களைத் தயாரித்தார். ஒன்று, எடை, நீளம், வேகம், வலிமை, வெப்பநிலை, நம்பகத்தன்மை என்று எந்தக் கருவியையும் அளக்கக்கூடிய 39 கூறுகள். மற்றொன்று, முரண்களைத் தீர்க்கப் பயன்பட்ட 40 உத்திகள். இரண்டையும் இணைப்பது ‘முரண் அட்டவணை’. எதை மேம்படுத்த விரும்புகிறோமோ அது இடப்பக்க வரிசையில். அதனால் எது கெடுகிறதோ அது மேல் வரிசையில். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில், அத்தகைய முரணுக்கு அதிகம் உதவிய உத்திகளின் எண்கள் இருக்கும்.

செம்பனைக் கழியையே எடுத்துக் கொள்வோம். மேம்பட வேண்டியது ‘நகரும் பொருளின் நீளம்’. கெடுவது ‘நகரும் பொருளின் எடை’. அட்டவணையின் அந்தக் கட்டத்தில் 8, 15, 29, 34 என நான்கு எண்கள் உள்ளன.

உத்தி 8, எதிர் எடை. கனத்தைக் கை தாங்காமல் வேறொன்று தாங்கட்டும். தோளில் மாட்டும் பட்டை, சமன் எடை போன்றவை இதில் அடங்கும்.

உத்தி 15, அசையும் தன்மை. ஒரே அளவில் விறைப்பாக இருப்பதை, தேவைக்கேற்ப மாறக்கூடியதாக ஆக்கு. நீட்டிச் சுருக்கும் கழி இதுவே.

உத்தி 29, காற்றும் திரவமும். திடமான பாகத்துக்குப் பதில் காற்று அல்லது திரவத்தை வேலை வாங்கு. காற்றழுத்தத்தால் நீளும் கழி, அல்லது கழி வழியே அழுத்தத்தைச் செலுத்தி நுனியிலுள்ள கத்தியை இயக்குவது என யோசனை விரியும்.

உத்தி 34, வேலை முடிந்ததைக் கழற்றிவிடு. உயரமான மரத்துக்கு ஒரு துண்டைச் சேர்த்து, குட்டை மரத்துக்கு வந்ததும் அதைக் கழற்றுவது.

மூங்கில் கழி போய் இலேசான அலுமினியக் கழி வந்ததும், அது நீட்டிச் சுருக்கும் கழியாக மாறியதும், மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் ‘காந்தாஸ்’ என்ற மோட்டார் அறுவடைக் கருவியை உருவாக்கியதும் நம் கண்முன் நடந்தவை. அவை ட்ரிஸ் அட்டவணையைப் பார்த்துச் செய்யப்பட்டவை என்று யாரும் சொல்ல வேண்டாம். பல ஆண்டு அனுபவத்தில் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த பாதையை, அட்டவணை சில நிமிடங்களில் சுட்டிக் காட்டுகிறது என்பதுதான் செய்தி.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரு முரணைத் தீர்த்தால் அடுத்த முரண் பிறக்கும். அலுமினியம் இலேசானது, ஆனால் மின்சாரம் கடத்தும். மின்கம்பிக்கு அருகில் அலுமினியக் கழியைத் தூக்குவது உயிருக்கே ஆபத்து. ஆகவே அடுத்த கேள்வி: கழி முழுவதும் உலோகமாகத்தான் இருக்க வேண்டுமா, பிடிக்கும் பகுதி மட்டும் மின்சாரம் கடத்தாத பொருளாக இருக்கலாமா? ஒவ்வொரு பகுதிக்கும் அதற்குரிய தன்மையைக் கொடு என்பது உத்தி 3. கூட்டுப்பொருளைப் பயன்படுத்து என்பது உத்தி 40. தீர்வு வரும்வரை மின்கம்பியிலிருந்து தள்ளி நிற்பதே பாதுகாப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

“வேண்டும், ஆனால் கூடாது”

சில முரண்கள் இன்னும் கூர்மையானவை. ஒரே பொருளுக்கு ஒரே தன்மை இருக்கவும் வேண்டும், இருக்கவும் கூடாது. இதை இயற்பியல் முரண் என்பார்கள். இதைத் தீர்க்க அட்டவணை வேண்டாம். எப்போது வேண்டும், எங்கே வேண்டும், எந்த நிலையில் வேண்டும், முழுமைக்கு வேண்டுமா அல்லது பகுதிக்கு வேண்டுமா என்று கேட்டுப் பிரிக்க வேண்டும்.

காலத்தால் பிரிப்பது: பால்மரத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இது பழைய கதை. வெட்டிய பால் உறையக் கூடாது, உறைந்தால் மங்கிலேயே கட்டிப்பாலாகிவிடும். அதே பால் ஆலைக்குப் போனதும் உறைய வேண்டும், உறையாவிட்டால் ரப்பர் தகடு இல்லை. வழியில் அம்மோனியா சேர்த்து உறையாமல் காத்தார்கள், ஆலையில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைத்தார்கள்.

இடத்தால் பிரிப்பது: வாணலியின் அடி சுட வேண்டும், கைப்பிடி சுடக் கூடாது. பிடிக்கு மரமோ பிளாஸ்டிக்கோ போட்டோம்.

நிலைமையால் பிரிப்பது: வெயிலில் கறுத்து, வீட்டுக்குள் வந்ததும் தெளியும் மூக்குக் கண்ணாடி.

முழுமையும் பகுதியும்: சைக்கிள் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் விறைப்பானது. சங்கிலி முழுவதும் வளையக்கூடியது.

தொழிற்சாலை உதாரணம் ஒன்று. மெல்லிய கண்ணாடித் தகடுகளின் ஓரத்தைத் தேய்க்கும்போது அவை உடைந்துகொண்டே இருந்தன. மெல்லியதாகத்தான் வேண்டும், ஆனால் தேய்க்கும்போது தடிமனாக இருக்க வேண்டும். பல தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒரே கட்டியாக்கித் தேய்த்துவிட்டு, பிறகு பிரித்தெடுத்தார்கள். இயந்திரம் மாறவில்லை, செலவும் கூடவில்லை.

அண்ணாந்து வானத்தைப் பார்க்கும் முன் காலடியைப் பார்

‘உன்னத முடிவு’ என்பது ட்ரிஸின் மற்றொரு தூண். கருவியே இல்லாமல் வேலை தானாக நடந்தால் எப்படியிருக்கும் என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு, ஏற்கெனவே கையில் உள்ளவற்றில் எது அந்த வேலையைச் செய்யும் என்று தேட வேண்டும்.

அல்ட்ஷுல்லர் சொல்லும் புகழ்பெற்ற கணக்கு ஒன்று உண்டு. உலோக மாதிரிகளை அமிலத்தில் போட்டு அரிப்பைச் சோதிக்கிறார்கள். ஆனால் அமிலம் பாத்திரத்தையும் அரித்துவிடுகிறது. பாத்திரத்துக்கு விலையுயர்ந்த உட்பூச்சு வேண்டும். பாத்திரமே இல்லாமல் சோதிக்க முடியுமா? முடியும். உலோக மாதிரியையே கிண்ணம் போல் செய்து, அமிலத்தை அதில் ஊற்றினால் போதும்.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். 1917ஆம் ஆண்டு சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிக அளவில் பயிரிடப்பட்டது. ஆனால் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும் அதன் சொந்தப் பூச்சி இங்கே வரவில்லை. ஆகவே பல தோட்டங்களில் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று பெண் பூக்களில் மகரந்தத்தூளைத் தூவினார்கள். அந்த வேலையைச் செய்த அம்மாக்களும் பாட்டிகளும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்னும் நல்ல தூவும் கருவியைச் செய்வது ஒரு பாதை. ‘பூவுக்குத் தானாக மகரந்தம் சேர என்ன வழி?’ என்று கேட்பது இன்னொரு பாதை. பூச்சியியலாளர் ஆர்.ஏ. சையத் கேமரூனில் ஆராய்ந்து, இவ்வேலையைச் செய்வது ஒரு சிறு கூன்வண்டு என்று காட்டினார். 1981ஆம் ஆண்டு அந்த வண்டு மலேசியாவில் விடப்பட்டது. கைமகரந்தச் சேர்க்கை வேலையே தேவையற்றுப் போனது. ட்ரிஸ் பட்டியலில் இது உத்தி 25, ‘தன் வேலையைத் தானே செய்துகொள்’.

அதே சமயம் ஓர் எச்சரிக்கை. வேலை தானாக நடந்தால், அந்த வேலையைச் செய்து கூலி வாங்கியவரின் நிலை என்ன? இந்தக் கேள்விக்கு எந்த அட்டவணையிலும் பதில் இல்லை. அதை நிர்வாகமும் தொழிற்சங்கமும் அரசும்தான் பேச வேண்டும்.

நாற்பதில் சில

எல்லா உத்திகளையும் இங்கே சொல்ல இடமில்லை. அன்றாட வாழ்க்கையில் பார்க்கக்கூடிய சில:

உத்தி 2, பிரித்தெடு: குளிர்சாதனத்தின் சத்தமிடும் பாகத்தை வீட்டுக்கு வெளியே வைத்தது.

உத்தி 7, ஒன்றுக்குள் ஒன்று: அடுக்குப் பாத்திரங்கள், வானொலிப் பெட்டியின் ஏரியல்.

உத்தி 10, முன்கூட்டியே செய்: அஞ்சல் தலைகளுக்கு இடையே முன்பே போட்ட துளை வரிசை.

உத்தி 11, வரும் முன் காப்பு: மழைநீர் மங்கில் விழாமல் பால்மரத்தில் கட்டும் மழைக்காப்பு.

உத்தி 13, தலைகீழாக்கு: மனிதன் ஓடத் தரை நிற்பதற்குப் பதில், தரை ஓட மனிதன் நின்ற இடத்திலேயே ஓடும் உடற்பயிற்சி இயந்திரம்.

உத்தி 22, கெட்டதை நல்லதாக்கு: செம்பனை ஆலையின் நாரும் ஓடும் கொதிகலனுக்கு எரிபொருளாவது, வெறுங்குலை உரமாவது, கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுப்பது.

உத்தி 35, நிலையை மாற்று: சமையல் எரிவாயுவைத் திரவமாக்கித் தோம்பில் அடைப்பது.

வகுப்பில் என்ன நடக்கும்?

நல்ல பயிற்சியில் 40 உத்திகள் முதல் நாளே வருவதில்லை. முதலில் சிக்கலைச் சரியாகச் சொல்லப் பழக்குவார்கள்.

முதல் படி, செயல் ஆய்வு. இயந்திரத்தின் பாகங்களைக் கட்டங்களாக வரைந்து, எது எதற்கு என்ன செய்கிறது என்று அம்புக்குறி போடுவது. பயனுள்ள செயல், கேடான செயல், போதாத செயல், அளவு மீறிய செயல் என அம்புகள் பிரிக்கப்படும். இதை வரைந்து முடிக்கும்போதே, ‘சிக்கல் நாம் நினைத்த இடத்தில் இல்லை’ என்பது பல குழுக்களுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, காரணச் சங்கிலி. ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே வேர்க் காரணம் வரை இறங்குவது.

மூன்றாவது, கத்தரிப்பு. ஒரு பாகத்தை எடுத்துவிட்டால் அதன் வேலையை வேறு எந்தப் பாகம் செய்யும் என்று பார்ப்பது. செலவைக் குறைக்க விரும்பும் தொழிற்சாலைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

இவற்றுக்குப் பிறகுதான் முரணும் உத்திகளும் வரும். மேல்நிலை வகுப்புகளில் 76 நிலையான தீர்வுகள், தொழில்நுட்பங்கள் வளரும் போக்குகள், ‘அரிஸ்’ எனப்படும் நீண்ட படிமுறை ஆகியவை சேரும். அரிஸின் 1985ஆம் ஆண்டு வடிவமே இன்றும் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது.

அனைத்துலக ட்ரிஸ் சங்கத்தின் சான்றிதழ் ஐந்து நிலைகளைக் கொண்டது. தொடக்க நிலையைச் சில நாள் பயிற்சியிலும் தேர்விலும் முடிக்கலாம். மேலே போகப் போக, சொந்தத் தொழிலில் ஓர் உண்மையான சிக்கலைத் தீர்த்துக் காட்ட வேண்டும். பயிற்சியின் பலன் அங்கேதான் தெரியும். கருத்தரங்கு அறையில் கற்ற அம்புக்குறியும் அட்டவணையும் தன் சொந்த இயந்திரத்தில் பயன்படாவிட்டால் சில மாதங்களில் மறந்துவிடும்.

மலேசியாவில் ட்ரிஸ்

நம் நாட்டில் இம்முறை வேரூன்றியதில் பினாங்கின் மின்னணுத் தொழிலுக்குப் பெரும் பங்குண்டு. 1972ஆம் ஆண்டு முதல் பினாங்கில் இயங்கும் இன்டெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் ட்ரிஸைக் கற்று, தங்கள் தொழிற்சாலையில் பயன்படுத்தி, பல்கலைக்கழகங்களுக்கும் கொண்டு சென்றார்கள். உற்பத்தித் துறைக்கான ட்ரிஸ் பற்றி மலேசியர்களே எழுதிய ஆங்கிலக் கையேடு 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘மைட்ரிஸ்’ எனப்படும் மலேசிய ட்ரிஸ் புத்தாக்கச் சங்கம் பயிற்சிகளையும் போட்டிகளையும் நடத்தி வருகிறது. பொறியியல் படிக்கும் மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தில் இப்பயிற்சி உண்டா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

வேலையில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய இடம் தங்கள் மனிதவளப் பிரிவு. மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கோர்ப் அமைப்புக்கு லெவியாகச் செலுத்துகின்றன. பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகவே அந்தப் பணம். அங்கீகாரம் பெற்ற பயிற்சிகளுக்கு முதலாளி அதிலிருந்து கோர முடியும். பொறியாளர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. டெக்னீஷியனும் சூப்பர்வைசரும் கேட்கலாம். சிங்கப்பூரில் உள்ளவர்கள், தாங்கள் சேர விரும்பும் பயிற்சிக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பயன்படுத்த முடியுமா என்று முதலில் சரிபார்த்துக் கொள்ளலாம்.

குறைகளும் உண்டு

ட்ரிஸ் மந்திரக்கோல் அல்ல. அதன் அட்டவணை பெரும்பாலும் பழைய இயந்திரத் தொழில் காப்புரிமைகளிலிருந்து பிறந்தது. மின்னணுவும் மென்பொருளும் அதில் நேராகப் பொருந்துவதில்லை. 2003ஆம் ஆண்டு 48 கூறுகளுடன் புதிய அட்டவணை வெளிவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அல்ட்ஷுல்லரே பிற்காலத்தில் அட்டவணையை விட அரிஸையும் நிலையான தீர்வுகளையும்தான் அதிகம் நம்பினார்.

மேலும், உத்தி என்பது ஒரு திசைகாட்டி மட்டுமே. ‘அசையும்படி செய்’ என்று அது சொல்லும். எந்த உலோகம், எந்தத் தடிமன், எந்தப் பூட்டு என்பதைத் துறை அறிவுதான் சொல்ல வேண்டும். அடிப்படைப் பாடத்தை ஒழுங்காகப் படிக்காதவருக்கு 40 உத்திகளும் 40 சொற்கள்தான்.

இன்னொரு குறை பயிற்சி நடத்துபவர்களைச் சார்ந்தது. சான்றிதழ் எண்ணிக்கையைக் காட்டுவதற்காக ஆட்களை அனுப்பிவிட்டு, திரும்பி வந்தவர்களுக்குச் சிக்கலை ஆராய நேரமே கொடுக்காத நிர்வாகத்தில் எந்த முறையும் எடுபடாது. அதேபோல், சிக்கலைப் பற்றிப் பேசும் அறையில் பொறியாளர்கள் மட்டும் உட்கார்ந்தால், செயல் ஆய்வின் அம்புக்குறிகள் பாதி தவறாகவே இருக்கும். இயந்திரத்தின் அருகில் எட்டு மணி நேரம் நிற்பவருக்குத்தான் அது எப்போது முனகும், எங்கே சிக்கும் என்பது தெரியும். அறுவடைக் கழியின் கனம் வரைபடத்தில் தெரியாது. தூக்கியவரைக் கேட்டால்தான் தெரியும்.

கண்டுபிடிப்பு என்றால் உலகையே மாற்றும் ஒன்று என்று மலைக்க வேண்டியதும் இல்லை. அல்ட்ஷுல்லர் கண்டுபிடிப்புகளை ஐந்து படிகளாகப் பிரித்தார். முதல் படி இருப்பதைச் சற்றுத் திருத்துவது, ஐந்தாம் படி புதிய அறிவியலே பிறப்பது. அவர் ஆராய்ந்தவற்றில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவை முதல் இரண்டு படிகளில்தான் இருந்தன. ஒரு தொழிற்சாலையிலோ தோட்டத்திலோ வேலை செய்பவர் எட்டக்கூடிய படிகள் அவை.

வீட்டிலேயே தொடங்கலாம்

பயிற்சிக்குப் போகும் வாய்ப்பு இல்லாதவர்கள், ஏதேனும் ஒரு சிக்கலுக்கு இந்த ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம்.

1. என்ன வேலை நடக்க வேண்டும்? கருவியின் பெயரைச் சொல்லாமல் வேலையை மட்டும் எழுதுங்கள்.

2. எதை மேம்படுத்தினால் எது கெடுகிறது?

3. அது எப்போதும் எங்கும் வேண்டுமா, அல்லது ஒரு நேரத்தில், ஓர் இடத்தில் மட்டும் போதுமா?

4. ஏற்கெனவே இங்கே இருக்கும் எது இந்த வேலையைச் செய்யக்கூடும்?

5. வேறு தொழிலில் இதே முடிச்சை யார் அவிழ்த்திருக்கிறார்கள்?

பள்ளியில் அறிவியல் விழாவுக்கோ புத்தாக்கப் போட்டிக்கோ தயாராகும் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்விகள் உதவும். ‘புதுசா ஏதாவது யோசி’ என்று சொன்னால் பிள்ளை விழிப்பான். ‘எதைச் சரி செய்யப் போனால் எது கெடுகிறது, சொல்’ என்று கேட்டால், அவனிடமிருந்து ஏதாவது ஒரு பதில் வரும். அங்கிருந்து பேச்சைத் தொடரலாம்.